உன் நாளில் நீ ஆடவில்லை

குவாரி ஹில், பென்சில்வேனியா
1950 செப்டம்பர் 12

என் மூத்த பிள்ளை நுன்சியோவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை எர்மினியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவ்வளவு தூரம் மேற்கே நீயும் மருமகள் எலினோரும் என் பேத்தி லொரேத்தாவும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் உன் சுகத்துக்குப் பதில் போடு என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுதமாட்டேன். எழுதினால் நீ "சுகம்தான் அம்மா" என்று பதில் போடுவாய், ஜூலையிலிருந்து அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. இது சீக்கிரம் முடிகிற கடிதம் அல்ல.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். தக்காளி இந்த வருஷம் கொள்ளை கொள்ளையாய்க் காய்த்தது, காய்ச்சி ஜாடிகளில் அடைத்து நிலவறையில் வைத்தாயிற்று, உங்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவை இப்போது குவாரிக்குள் இறக்குவதில்லை, மேலே கொட்டகையில் உட்கார்ந்து சிலேட்டுக் கல் பிளக்கிறார், இருமல் போன குளிர்காலத்துக்கு இப்போது தேவலை. ஒயின் போடப் பீப்பாய் கழுவியாயிற்று, கலிபோர்னியாத் திராட்சை ரயிலில் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. எர்மினியாவுக்கு பிளவுஸ் ஆலையில் ஒரு வரிசைப் பெண்களுக்கு மேஸ்திரி வேலை கொடுத்திருக்கிறார்கள். வேலை என்றால் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கல்யாணம் என்றால்தான் கேட்பதில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பிலடெல்பியாவில் உனக்கு "நாள்" கொண்டாடினோமே, அதைப் பற்றி நீ ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய், எல்லோருக்கும் நன்றி சொல்லுங்கள், கல் உடையாமல் வந்து சேர்ந்தது என்று. நுன்சியோ, அது என்ன தபாலில் வந்த சோப்புப் பெட்டியா உடையாமல் வந்து சேர? ஊர்ப் பையன் ஒருவன் பெரிய அணியில் ஆடினால், அந்த அணி பக்கத்து நகரத்துக்கு வரும்போது ஊரே திரண்டு போய், ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்து நடுவில் அவனை நிறுத்திப் பரிசு கொடுத்துவிட்டு வருவது எல்லோரும் செய்வதுதான். போலந்துக்காரர்கள் தங்கள் பையனுக்குச் செய்தார்கள். மேல்தெரு வேல்ஸ்காரர்கள் தங்கள் பையனுக்குச் செய்தார்கள், அவன் பெரிய அணியில் ஒரு கோடைகூட முழுசாகத் தாக்குப்பிடிக்கவில்லை. இத்தாலிக்காரர்கள் நமக்குத்தான் முறை வராமலே இருந்தது, ஏனென்றால் நம் ஆட்கள் எதைச் செய்தாலும் முதலில் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் செய்வார்கள். இந்த வருஷம் உன் ஞானத்தகப்பன் பெத்ரூட்சி, செபமாலை மாதா சங்கத்துக்குத் தலைவரானதும் முதல் வேலையாக இதைத்தான் எடுத்தார். கறிக்கடையை மூடிவிட்டு வீடு வீடாகப் போய்ப் பேசினார். அவரோடு பேச்சை நிறுத்தியிருந்த வீடுகளுக்கும் போனார். அது உனக்குத் தெரியுமா?

இரண்டு பஸ் நிறையப் போனோம். விடியற்காலைப் பூசையை உனக்காகவே ஒப்புக்கொடுத்துவிட்டு ஏறினோம், பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பஸ்ஸில் பாதி, மிளகாயும் முட்டையும் வைத்த ரொட்டி, நிறைத்துச் சுட்ட கத்திரிக்காய், ஜாடி ஜாடியாக ஒயின் மீதிப் பாதி. மைதான வாசலில் ஒருத்தன் ஒயின் ஜாடியை உள்ளே விடமாட்டேன் என்றான். "ஏம்மா, இது பேஸ்பால் ஆட்டம், கல்யாண வீடு இல்ல" என்றான். "எங்களுக்குக் கல்யாண வீடுதான்டா, வழிய விடு" என்று பெத்ரூட்சி சொல்லி, கடைசியில் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தபின் எங்களை உள்ளே விட்டான். உனக்குப் பரிசான அந்தச் சிலேட்டுக் கல் பலகையை நான்கு ஆள் தூக்கி வந்தார்கள். அதில் நீ குந்திப் பந்து பிடிக்கையில் மாட்டும் கேட்சர் முகக்கூண்டையும் உன் பெயரையும் செதுக்கியது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பா. வேலை முடிந்து வந்து கோடை முழுவதும் அதையேதான் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிப்போகும், வரமாட்டார். பலகையை உன் முன் வைத்தபோது நீ அதை இடது கையால் தொட்டாய். எல்லோருக்கும் இடது கையைக் கொடுத்தாய். என்னையும் ஒற்றைக் கையால்தான் அணைத்தாய், ஏதோ பிஷப் பங்குக் கோயிலைப் பார்வையிட வந்ததுபோல. பக்கத்தில் நின்ற பெத்ரூட்சியின் மனைவி அதைப் பார்த்தாள். நான் அந்த அவமானத்தை அப்படியே விழுங்கிக்கொண்டேன். புகழ் வந்ததும் பிள்ளை மாறிவிட்டான் என்று நினைத்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு ஆட்டம். நீ எப்போது முகக்கூண்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவாய் என்று உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு சின்னப் பையன், மீசைகூட முளைக்காதவன், பேட் பிடிக்கிறவனுக்குப் பின்னால் போய்க் குந்தினான். சரி, பாதி ஆட்டத்தில் மாற்றுவார்கள் என்றார்கள். பாதி ஆட்டம் போனது. பாண்டுக்காரர்கள் இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் உன் பெயரைச் சொல்லி ஊதினார்கள். "நுன்சியோவ இறக்குங்க" என்று கத்திக் கத்தி எர்மினியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீயோ அந்தக் கூரை போட்ட பள்ளத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து உன் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. உன் அப்பா கண்ணைக் கசக்கிக் கசக்கி அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், தன்னுடைய நாளில் எவனும் ஒழுங்காக ஆடியதில்லை, அது ஒரு ராசி என்று சமாதானம் சொன்னார். "ஆடித் தோத்தா ராசிங்க. ஆடவே விடலன்னா அதுக்குப் பேரு ராசியா?" என்றார் அப்பா. கடைசி இன்னிங்ஸும் முடிந்தது. ஜனங்கள் எழுந்து போனார்கள். எங்கள் இரண்டு பஸ் ஆட்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று நீ கேட்கக்கூடாது, மற்ற எவர் கேட்டாலும் நீ கேட்கக்கூடாது. நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். நீ முதலில் இந்த ஆட்டத்துக்குப் போனபோது உன் அப்பாவே, "நாங்க கப்பல் ஏறி வந்தது நீ மண்ணுல தவள மாதிரி குந்துறதப் பாக்கவாடா?" என்று கேட்டவர்தான். பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் மனிதர் ஒருவர் ஈஸ்டர் திங்களன்று நம் வீட்டுக்கு வந்து, ஆட்டுக்கறியைத் தட்டுத் தட்டாகத் தின்றுவிட்டு, "இந்தப் பையனோட வலது கை மாதிரி ஒரு கைய நான் பாத்ததே இல்ல" என்றார், அன்றைக்குத்தான் அப்பா அடங்கினார். அப்புறம் கரோலினாவில் சோளக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு நீ சின்ன அணியில் ஆடியபோது, இத்தாலிக்காரன் என்ற இளப்பத்தில் கூட்டத்திலிருந்து பூண்டுக்காரன் பூண்டுக்காரன் என்று கத்தினார்கள். பெரிய அணிக்கு வந்த பிறகும் பத்திரிகைக்காரர்கள் உன் கையில் ஒரு தட்டு மக்ரோனியைக் கொடுத்துத்தான் படம் எடுத்தார்கள், உனக்கு அந்த ஆளை எட்டி உதைக்கத் தோன்றியதென்று நீயே எழுதினாய். யுத்தத்துக்குப் போய்ப் பசிபிக் தீவில் கொசுக்கடியில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் உன் இடத்தில் வேறொருவன், அந்த இடத்தையும் திரும்பப் பிடித்தாய். வருஷக் கடைசியில் நடக்கும் அந்த அக்டோபர் பெரும்போட்டியில், பந்து வீசப்பட்டதும் இரண்டாம் தளத்தைத் திருடப் பாய்ந்த அந்த வேகக்காரனை நீ குந்திய இடத்திலிருந்து எழுந்து, தளத்துக்குப் பந்தை எறிந்து, ஒரே எறியில் அவுட்டாக்கி வீழ்த்தினாய். ரேடியோவில் அதைச் சொன்னபோது பெத்ரூட்சி கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கடையில் இருந்த எல்லோருக்கும் சாசேஜ் மாலையை அறுத்து அறுத்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட பிள்ளையை, அவன் ஜனங்கள் கண்முன்னால், அவன் நாளிலேயே, யாரை ஆடவிடுவது என்று தீர்மானிக்கும் மேனேஜர் பெஞ்சில் உட்கார வைத்தால், நான் என்ன நினைப்பேன்? அதே பழைய பூண்டுக்காரன் கதைதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது என் தப்பா?

அதனால்தான் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் கதவருகே போய் நின்றேன். உங்கள் மேனேஜர் ஹாஸ்கெல் வந்ததும் வழியை மறித்தேன். எனக்கு ஆங்கிலம் கோபத்தில்தான் நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும். "ஐயா, ரெண்டு பஸ்ஸு, ஒரு பாண்டு, நாலு ஆள் தூக்கின கல்லு. ஒரு இன்னிங்ஸ் உங்களுக்குக் கனத்துப்போச்சா?" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "முடிவு என்னோடதுதாம்மா. சின்னப் பையன ஆட வெச்சேன். திட்டணும்னா என்னையே திட்டுங்க" என்றார். திட்டினேன். மிச்சம் வைக்காமல் திட்டினேன். "உங்க அம்மா உங்களப் பாக்க வந்தா அவங்களையும் இப்படித்தான் ஏமாத்தி அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். "எங்க அம்மா போய்ச் சேந்துட்டாங்கம்மா" என்றார். "நல்லவேளை, இதப் பாக்காமப் போனாங்க" என்றேன். அந்த மனிதர் வளைந்து வளைந்து கிடக்கும் விரல்களால் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார், அவரும் ஒரு காலத்தில் கேட்சர்தானாமே. நீ எங்கே இருந்தாய், நுன்சியோ? அவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி நின்றாய். உன் பெட்டியின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பேசியது ஒவ்வொன்றும் உன் காதில் விழுந்தது. இந்த இடத்தை மறக்காதே, திரும்பி வருகிறேன்.

ஊருக்கு வந்தும் என் கோபம் தணியவில்லை, தணிய விடவும் ஆள் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் என் கோபம்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் நிலவறையில் சங்கம் கூடியது. இத்தாலியப் பிள்ளை என்பதால்தானே இந்த அவமரியாதை என்று கேட்டு உங்கள் அணியின் முதலாளிக்கும் பிலடெல்பியாப் பத்திரிகைக்கும் ஒரு கண்டனம் எழுதுவதென்று முடிவாயிற்று. முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா போட்டார். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். திங்கள் காலை தபாலில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெத்ரூட்சி வாங்கிக்கொண்டு போனார். எர்மினியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ரொட்டிக்கடைத் தொலைபேசியிலிருந்து உன் வீட்டுக்குப் பேசி அண்ணியிடம் பெருமையாகச் சொன்னாள். நீ வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தாய், அதாவது, வெளியூர்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தாய். ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது, அத்தையோடு பேச வேண்டும் என்று எலினோர் கூப்பிடுகிறாள், உடனே வா என்று ரொட்டிக்கடைக்காரர் ஓடி வந்தார்.

அந்தப் பெண் அழுதாள். "அத்தை, தயவுசெஞ்சு அந்தக் கடுதாசிய அனுப்பாதீங்க. ஹாஸ்கெல் மேல ஒரு தப்பும் இல்ல. என்னை இறக்காதீங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினதே இவருதான்" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜூலை வெயிலில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடியபோது உன் தோளுக்குள் ஏதோ கிழிந்தது. வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. ரேடியோவில் விரலில் அடி என்று சொன்னது பொய். அவள்தான் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். லொரேத்தா தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால், அப்பா விளையாட வரவில்லை என்று சொல்லிக் குழந்தையைத் திருப்பிவிடுகிறாய். ஊசி போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறாயாம், அப்படிச் செய்தால் அந்தக் கை ஆட்டத்துக்கு மட்டுமில்லை, எதற்குமே உதவாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஹாஸ்கெலுக்கு மட்டும் தெரியும். அவர் யாரிடமும் சொல்லாமல் உன்னைப் பெஞ்சில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கண்டனம் முதலாளி கைக்குப் போனால், ஏன் இறக்கவில்லை என்று கேட்பார், விஷயம் வெளியே வரும், நாளைக்கே உன்னைக் கழற்றிவிடுவார்கள். "உன் நாளன்னைக்கு ஒரு இன்னிங்ஸாவது ஆடுன்னு ஹாஸ்கெல் சொன்னாராம் அத்தை. எதிரணிக்காரங்க ஒவ்வொருத்தனா ஓடித் தளத்தத் திருடுவான், என்னால எறிஞ்சு தடுக்க முடியாது, அத எங்க ஊரு பாக்க வேண்டாம்னு இவரு சொல்லிட்டாரு" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு ரொட்டிக்கடை மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகைதான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். என் பிள்ளையின் தோள். நான் குளிப்பாட்டிய தோள். அழுகை நின்றதும் கோபம் வந்தது, அது இன்னும் நிற்கவில்லை. கை போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கை என்பது ஒருநாள் போகத்தான் செய்யும். அந்தக் கதவருகே உனக்காக ஒரு மனிதர், வேற்று ஜாதி, வேற்றுச் சபை, நமக்கு எந்தக் கடனும் பட்டிராத மனிதர், உன் அம்மாவிடம் நாய் வாங்குவதுபோல் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றாரே, நீ பெட்டி வாரைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அதற்குத்தான் கோபம். "அம்மா, போதும், நான்தான் சொன்னேன்" என்று நான்கு வார்த்தை. ஒருவனை இரண்டாம் தளத்தில் வீழ்த்துவதைவிட அது கஷ்டமா? செத்துப்போன அவர் தாயைக்கூட நான் விட்டுவைக்கவில்லை நுன்சியோ. அதை என்னைப் பேசவைத்தது நீ.

இதோடு முடிந்ததா? இல்லை. திங்கள் விடிந்ததும் பெத்ரூட்சியின் கறிக்கடைக்கு ஓடினேன். கண்டனம் அவருடைய ஏப்ரன் பையில் இருந்தது, தபால் அலுவலகம் திறக்கக் காத்திருந்தார். அனுப்பாதீர்கள் என்றேன். "என்ன தங்கச்சி, நேத்து நீதான மேசையக் குத்திப் பேசின?" என்றார். உண்மையைச் சொல்ல முடியாது. அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் பாண்டு வைத்து ஊதுவதும் ஒன்றுதான். சுவரில் தொங்கிய செபமாலை மாதா படம் கண்ணில் பட்டது, வாய் தன்னால் சொல்லிவிட்டது. "மாதா கனவுல வந்தா. அந்த மனுஷன மன்னிச்சிடுன்னு சொன்னா" என்றேன். அந்த ஆள் கத்தியை வைத்துவிட்டு அழுதார். கண்டனத்தை என் கண்முன்னால் அடுப்பில் போட்டார். அதோடு விட்டாரா? கடையை மூடிக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போனார். மத்தியானத்துக்குள் குவாரியின் அடிப்பள்ளம்வரை செய்தி போய்விட்டது, அசுந்தா தமாரோவுக்கு மாதா காட்சி கொடுத்தாளாம் என்று. நான் தெருவில் போனால் கிழவிகள் என் சால்வை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். உன் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடுகிறாள். மாதாவின் நவநாள் தொடங்கப்போகிற நேரத்தில் மாதாவின் பேரிலேயே பொய் சொல்லிவிட்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கும் போக முடியாமல் நிற்கிறேன், ஏனென்றால் காட்சி கிடைத்ததற்கு நன்றிப் பூசை வைக்கலாமா என்று என்னைக் கேட்பதே அந்தச் சாமியார்தான்.

இன்னும் கேள். மாதாவே மன்னிக்கச் சொன்ன மனிதரைச் சும்மா விடலாமா என்று சங்கம் மறுபடி கூடியது. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு நம் மாதா திருநாளுக்கு ஹாஸ்கெலைச் சிறப்பு விருந்தாளியாக அழைப்பதென்று முடிவு செய்து தந்தி அடித்துவிட்டார்கள். சாக்குச் சொல்லி விலகிக்கொள்வார் என்று நினைத்தேன். வருகிறேன், பெருமையாக இருக்கிறது என்று பதில் தந்தி வந்திருக்கிறது. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார். இந்த ஊர் அவரைக் கட்டிப்பிடிக்கப்போகிறது, ஒயின் ஊற்றப்போகிறது, செய்யாத குற்றத்துக்காக நூறு தடவை மன்னிக்கப்போகிறது. அவர் தொப்பியைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். அதையும் நீ பார்த்துக்கொண்டு நிற்பாயா? திருநாளன்று மாதாவின் சுரூபத்தைக் கம்பங்களில் வைத்துக் கோயிலிலிருந்து ஊர்வலமாகத் தூக்கும்போது முன்பக்க வலது கம்பத்துக்கு உன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், ஊருக்குப் பெருமை சேர்த்த பிள்ளை என்று. வலது கம்பத்தை வலது தோளில்தான் வைக்க வேண்டும், அந்தச் சுரூபம் என்ன கனம் என்று உனக்குத் தெரியும். நீ தோளைக் கொடுத்தால் மாதா தெருவில் விழுவாள். கொடுக்காவிட்டால் ஏன் என்று ஊரே கேட்கும். வருவதற்கில்லை என்று நீ தந்தி அடித்துத் தப்பித்துக்கொள்ளலாம், அப்படி ஒரு யோசனை உனக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடு.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவரிடம் மறைக்க என்னால் ஆகாது. கையிலிருந்த காப்பிக் கிண்ணத்தை உடைவதுபோல் மேசையில் வைத்தார். "நம்ம முன்னாடி தோக்க வெக்கப்பட்டிருக்கான். நம்ம முன்னாடி தோக்காம வேற எவன் முன்னாடிடீ தோப்பான்?" என்றார். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நான் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நீ மந்தம், உனக்கு விரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் பிலடெல்பியாவுக்குக் கேட்சரைப் பார்க்க வரவில்லை. கேட்சர் வேண்டுமென்றால் ரேடியோவில் இருக்கிறான். நீ இறங்கியிருந்தால், ஒருவன் பின் ஒருவனாக ஓடித் திருடியிருந்தால், நீ எறிந்த பந்து நொண்டி நொண்டிப் போய்ப் பாதி வழியில் விழுந்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறாய்? பெத்ரூட்சி நடுவரைத் திட்டியிருப்பார். பாண்டுக்காரர்கள் இன்னும் சத்தமாக ஊதியிருப்பார்கள். அப்பா எழுந்து நின்று, எவனாவது சிரித்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பார். நான் வேலியைத் தாண்டி வந்திருப்பேன். உன் தோளுக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்கே, அந்த இடத்திலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும். தொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவா அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தோம்?

ஆகையால் நான் சொல்வதைக் கேள். ஊசியும் வேண்டாம், இன்னொரு வருஷமும் வேண்டாம். ஆட்டம் முடிந்தது என்றால் முடிந்தது, அதை முதலாளி உன்னிடம் சொல்லும் முன் நீ முதலாளியிடம் சொல். எலினோரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடு, மேல்மாடி அறையை வெள்ளையடித்தாயிற்று, நீங்கள் விரும்புகிறவரை இருங்கள், அதற்குப்பிறகு என்ன செய்வது என்று வயிறு நிறைந்தபின் பேசலாம். எலினோர்மேல் கோபித்துக்கொள்ளாதே. அவள் மாத்திரம் அன்று கூப்பிட்டிருக்காவிட்டால் நான் உன் கழுத்தை என் கையெழுத்தாலேயே அறுத்திருப்பேன், அவள் இந்த வீட்டுக்கு வந்த நல்ல மருமகள், நான் சொன்னதாக அவளிடம் சொல். குளிர் ஆரம்பிக்கப்போகிறது, தோளுக்குக் கம்பளித் துணியைச் சூடுகாட்டிக் கட்டு, பனிக்கட்டி வைக்கச் சொல்லும் டாக்டரை நம்பாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. அதில் உள்ள பெரிய சலாமி உனக்கு அல்ல, ஹாஸ்கெலுக்கு. நீயே கையோடு கொண்டுபோய்க் கொடு, எதற்கு என்று உன் வாயால் சொல். செத்துப்போன அவர் அம்மா பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுது, பூசையில் சொல்ல வேண்டும்.

மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும்போல் உனக்கு உண்டு, கோபம் இருந்தாலும் உண்டு. நீ மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். திருநாளன்று கோயில் வாசலில் உன் ஞானத்தகப்பன் உன் பெயரைக் கூப்பிடுவார். ஒளியாதே, முன்னால் வா. என்னால் தூக்க முடியாது, கை போய்விட்டது, இந்த மனிதர் அதை எனக்காக மறைத்தார் என்று எல்லோர் முன்னாலும் சொல். என் கனவு பொய் என்பதையும் அதே மூச்சில் நான் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே மானம் கெடுவோம். நீ சொல்லும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். எவனாவது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லட்டும். நான் எப்படித் திட்டுவேன் என்று அவன் உங்கள் மேனேஜரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
அசுந்தா தமாரோ